பனியின் கணக்கும் மீனின் பங்கும்: ட்ரக்கி ஆற்றின் வரலாறு

வட அமெரிக்காவின் மேற்கில், கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையை ஒட்டி வடக்குத் தெற்காக நீளும் சியரா நெவாடா மலைத்தொடர் தன் பெயரிலேயே பனியைக் கொண்டிருக்கிறது. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குப் பனி மூடிய மலைத்தொடர் என்பது பொருள். இம்மலையில் கோடைமழை அரிது. ஆண்டு முழுமைக்கும் வேண்டிய நீர் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் பசிபிக் பெருங்கடலிலிருந்து எழுந்து வரும் புயல்களால் வெண்பனியாகப் பொழிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, தன் பாரத்தாலேயே இறுகி, வசந்தம் வரை உருகாமல் மலைச்சரிவுகளில் தங்கிவிடுகிறது. பனியடுக்கு எனப்படும் இத்தொகுதி யாரும் கட்டாத ஒரு நீர்த்தேக்கமாக நின்று, ஏப்ரல் முதல் ஜூலை வரை மெல்ல உருகி, மழையில்லாக் கோடையில் ஆறுகளை வற்றாமல் காக்கிறது. இப்பனியை நிறுத்து அளக்க மனிதர் கற்றுக்கொண்டதும், அப்பனிநீரால் வாழ்ந்த ஒரு பெருமீன் அழிந்ததும் ஒரே ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன. அளவைக் கலையும் அழிவும் அருகருகே வளர்ந்தது எவ்வாறு என்பதை ட்ரக்கி ஆற்றின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ட்ரக்கி ஆறு, மலைமுகட்டருகே 1,645 அடி ஆழத்துடன் கிடக்கும் தாஹோ ஏரியில் பிறக்கிறது. அவ்வேரி நிரம்பி வழிவதற்கு உள்ள ஒரே வாய் இந்த ஆறுதான். அங்கிருந்து கிழக்கே இறங்கி, ரீனோ நகரைக் கடந்து, பாலைநிலத்தின் ஊடாகச் சென்று, ஏறத்தாழ 120 மைல் ஓட்டத்தின் முடிவில் பிரமிட் ஏரியில் கலக்கிறது. பிரமிட் ஏரிக்குக் கடலோடு தொடர்பு இல்லை. பனியூழிக் காலத்தில் நெவாடாவின் வடமேற்குப் பகுதியைப் பரந்து மூடியிருந்த லஹோன்டன் என்னும் பேரேரியின் எச்சமான அது, ஆறு கொண்டுவரும் நீரைப் பெற்று, வெயிலுக்கு ஆவியாகக் கொடுத்து, இவ்விரண்டும் சமமாகும் மட்டத்தில் நிலைகொள்ளும் இயல்பினது. ஆகவே மலையில் பனி குறைந்தாலும், ஆற்றிடையே நீரைத் திருப்பினாலும், அதன் விளைவு முழுவதும் கடைமடையான இவ்வேரியிலேயே வந்து விழும்.

இவ்வேரியில் இரண்டு அரிய மீன்கள் வாழ்ந்தன. அவற்றுள் ஒன்று லஹோன்டன் கட்த்ரோட் டிரவுட். டிரவுட் என்பது சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த, குளிர்ந்து தெளிந்து உயிர்வளி மிகுந்த நீரையே நாடும் மீனினம். நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வளர்க்கப்படும் வானவில் டிரவுட்டும் இக்குடும்பத்ததே. கீழ்த்தாடைக்கு அடியில் அறுபட்ட கழுத்தைப்போல் ஓடும் செங்கீற்றினால் கட்த்ரோட் என்ற ஆங்கிலப் பெயர் இதற்கு அமைந்தது. மற்றொன்று குயூயி, உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத இம்மீன் 40 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ வல்லது. ஏரிக்கரையில் வாழும் பையூட் பழங்குடியினர் தம் மொழியில் தம்மைக் குயூயி உண்போர் என்றே அழைத்துக்கொண்டனர் என்பதிலிருந்து, அம்மக்களின் வாழ்வுக்கும் மீனுக்கும் இருந்த உறவு எத்தகையது என்பது விளங்கும்.

பனிக்கும் டிரவுட்டுக்கும் உள்ள தொடர்பு மூன்று வழிகளில் செயற்படுகிறது. முதலாவது, பெருக்கின் காலம். ஏரியில் வளர்ந்த கட்த்ரோட் வசந்தத்தில் உருகுநீர் ஆற்றில் பெருகிவரும்போது அதனை எதிர்த்து மேலேறி, மேல்நிலத்துக் கூழாங்கல் படுகைகளில் வாலால் குழி பறித்து முட்டையிடும். பெருக்கு வலுவாக வந்தால்தான் கற்களுக்கிடையே படிந்த வண்டல் கழுவப்பட்டு, முட்டைகளுக்கு உயிர்வளி கொண்ட நீர் ஊடாடும். இரண்டாவது, கோடைநீரின் அளவு. பனியடுக்கு மெலிந்த ஆண்டில் பெருக்கு முன்னதாகவே வந்து விரைவில் அடங்கிவிடுவதால், முட்டையிட்ட படுகைகள் காற்றில் வெளிப்பட்டுக் காய்வதும், குஞ்சுகள் சிறு மடுக்களில் சிக்கிக்கொள்வதும் நேரும். மூன்றாவது, நீரின் வெப்பம். ஆழமின்றி மெல்ல ஓடும் நீர் வெயிலில் எளிதில் சூடேறும். சூடேறிய நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டிரவுட் இரையெடுப்பது குறைந்து நலிவுறுவதால், தூண்டிலில் பிடித்து உடனே நீரில் விட்டாலும் அது இறக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதனால்தான் மொன்டானா மாநிலத்தில், பனி குன்றிய ஆண்டுகளின் கோடையில், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடுவதைத் தடைசெய்யும் வழக்கம் இருக்கிறது. அத்தடைக்கு ஆந்தையின் பெயரால் ஒரு வழக்குச்சொல் உண்டு. காட்டுத்தீக்கு அஞ்சி, ஆந்தை குரல் கேட்கும் விடியற்காலையிலேயே வேலையை முடித்துக்கொண்ட மரம்வெட்டிகளிடமிருந்து அச்சொல் வந்தது.

ஐரோப்பிய வழிவந்தோரின் எழுத்தில் பிரமிட் ஏரி முதன்முதலாக இடம்பெற்றது 1844 ஜனவரியில், நில ஆய்வாளரான ஜான் சார்ல்ஸ் ஃப்ரிமான்ட் அங்கு வந்தபோது ஆகும். ஏரியினுள் கூம்பாக எழுந்து நின்ற பாறையைக் கண்டு அதற்குப் பிரமிட் என்று பெயரிட்ட அவர், பையூட் மக்கள் கொண்டுவந்து கொடுத்த பெரிய டிரவுட் மீன்களின் சுவையில் வியந்து, அவ்வேரிக்கு நீர்தரும் ஆற்றுக்குச் சால்மன் டிரவுட் ஆறு என்றே பெயர் வைத்தார். அப்பெயர் நிலைக்கவில்லை, அதே ஆண்டில் மேற்கு நோக்கி வந்த குடியேறிகளுக்கு வழிகாட்டிய பையூட் தலைவரின் பெயரே ஆற்றுக்கு நிலைத்தது. 1859இல் ஏரியும் அதைச் சூழ்ந்த நிலமும் பையூட் மக்களுக்கென ஒதுக்கப்பட்டு, 1874இல் குடியரசுத் தலைவர் கிராண்டின் ஆணையால் அவ்வொதுக்கீடு உறுதிபெற்றது. 1868இல் இருப்புப்பாதை ரீனோவை அடைந்தபின், ஏரியின் டிரவுட் பனிக்கட்டியில் பொதியப்பெற்றுத் தொலைநகரங்களுக்கு விற்பனைக்குச் சென்றது. மலையில் மரம் அறுக்கும் ஆலைகள் மரத்தூளை ஆற்றில் கொட்டியதும், ஆங்காங்கே எழுந்த சிறு அணைகள் மீனின் பாதையை மறித்ததும் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டன. ஆயினும் பனிநீர் வந்துகொண்டிருந்தது, மீனும் ஏறிக்கொண்டிருந்தது.

பனியை அளக்கும் கலை இந்நிலத்தில் தோன்றக் காரணமானவர் ஓர் இலக்கியப் பேராசிரியர். 1869இல் பிறந்த ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச், 1892இல் ரீனோவிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்திற்கு லத்தீன் கற்பிக்க வந்தவர். மலையேற்றத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்த அவர், 1895இன் குளிர்காலத்தில், ரீனோவுக்கும் தாஹோவுக்கும் இடையே 10,776 அடி உயர்ந்து நிற்கும் மவுண்ட் ரோஸ் சிகரத்தை அடைந்தார். கடுங்குளிரில் அம்மலையில் ஏற இயலாது என்று கருதப்பட்ட காலம் அது. பின்னர் 1906 வாக்கில் அச்சிகரத்திலேயே வானிலை நோக்கு நிலையம் ஒன்றை அமைத்து, காடுகள் பனியை எவ்வாறு பிடித்துவைக்கின்றன என்பதை ஆராயத் தலைப்பட்டார். பனியின் ஆழத்தைக் கோலால் அளந்தால் போதாது என்பது அவ்வாராய்ச்சியில் அவர் தெளிந்த முதல் உண்மை. புதிதாக விழுந்த பனி பஞ்சுபோல் மென்மையாக இருப்பதால், பத்து அங்குலம் உருகினாலும் ஏறத்தாழ ஓர் அங்குல நீரே கிடைக்கும். வசந்தத்தில் இறுகிய பனியோ அதனினும் மூன்று நான்கு மடங்கு நீரைத் தன்னுள் கொண்டிருக்கும். ஆகையால் அறியவேண்டுவது பனியின் உயரத்தை அன்று, அது உருகினால் நிற்கும் நீரின் உயரத்தை. இதனையே பனியின் நீர்ச்சமானம் என்பர்.

இதனை அறிய அவர் வகுத்த கருவி மவுண்ட் ரோஸ் பனிக்குழாய் என்று பெயர்பெற்றது. அது ஒன்றோடொன்று பொருத்தக்கூடிய உலோகக் குழாய்த் துண்டுகளால் ஆனது. அதன் கீழ்விளிம்பில், இறுகிய பனியையும் இடையிலுள்ள பனிக்கட்டி அடுக்குகளையும் அறுப்பதற்கான பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பனியில் அதைச் செங்குத்தாக நிறுத்தி, திருகியவாறே தரை தட்டும்வரை இறக்கி, வெளிப்புறத்தில் பொறித்த அங்குலக் கோடுகளால் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, உள்ளே திரண்ட பனித்தண்டோடு குழாயை மேலிழுத்து வில்தராசில் தொங்கவிடுவர். வெட்டுவாயின் உள்விட்டம் 1.485 அங்குலமாக அமைந்திருப்பதில்தான் இக்கருவியின் நுட்பம் உள்ளது. அவ்விட்டமுள்ள குழாயில் ஓர் அங்குல உயரம் நிற்கும் நீரின் எடை சரியாக ஓர் அவுன்ஸ் ஆகும். எனவே வெறுங்குழாயின் எடையைக் கழித்தபின் எஞ்சுவது 30 அவுன்ஸ் என்றால், காலடியில் கிடக்கும் பனியில் 30 அங்குல நீர் உறங்குகிறது என்று பொருள். பனியை உருக்கவும் வேண்டாம், கணக்குப் போடவும் வேண்டாம். உறைந்த விரல்களோடு நிற்பவரும் தராசின் முள்ளைப் பார்த்து விடையைப் படித்துவிடலாம்.

இக்கருவிக்கு முதற்பெரும் பயன் தாஹோ ஏரித் தகராற்றில் கிட்டியது. ஏரியின் வாயில் கட்டப்பட்ட சிற்றணை, இயற்கை விளிம்புக்கு மேல் சுமார் ஆறடி உயரத்திற்கு நீரைத் தேக்க உதவியது. ஆற்றின் கீழே மின்விசை எடுத்த நிறுவனமும் பாசனத்தை எதிர்நோக்கிய உழவர்களும் ஏரி நிறைய வேண்டும் என்றனர். கரையில் வீடும் விடுதியும் வைத்திருந்தோரோ, வசந்தத்தில் நீர் ஏறித் தம் நிலத்தை அரிக்கக்கூடாது என்றனர். சர்ச் பல இடங்களில் பனியை நிறுத்து, அவ்வாண்டின் நீர்ச்சமானம் வழக்கமான அளவில் நூற்றுக்கு எத்தனை என்று கண்டு, ஆற்றின் வரத்தும் வழக்கத்தில் அதே விழுக்காடாக இருக்கும் என்ற எளிய முறையால், ஏரி எத்தனை அடி உயரும் என்பதை முன்கூட்டியே கணித்தார். உயரப்போகும் அளவு தெரிந்துவிட்டதால் வேண்டிய நீரை முன்னரே திறந்துவிட்டு, வெள்ளமும் வீணும் இரண்டையும் தவிர்க்க முடிந்தது. 1929இல் கலிபோர்னியா தன் மாநிலமெங்கும் பனியளவையைத் தொடங்கியது. 1934இன் பெருவறட்சியை அடுத்து, 1935இல் கூட்டாட்சி வேளாண்துறை அதனை மேற்கு மாநிலங்கள் முழுமைக்கும் விரித்தது. இமயத்தின் பனியை அளப்பதற்கு வழிகாட்டவும் சர்ச் தம் முதுமையில் இந்தியா வந்தார்.

இவ்வளவு சீராக வளர்ந்த கணக்கில் மின்விசைக்குப் பங்கு இருந்தது. பாசனத்திற்குப் பங்கு இருந்தது. கரைவீடுகளின் பாதுகாப்பும் எண்ணப்பட்டது. மீனுக்கு மட்டும் பங்கு எழுதப்படவில்லை. நெவாடாவின் பிரதிநிதியான ஃபிரான்சிஸ் நியூலண்ட்ஸ் முன்னின்று நிறைவேற்றிய 1902ஆம் ஆண்டின் நிலமீட்புச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட தொடக்கப் பணிகளுள் ஒன்று, ட்ரக்கியின் நீரைப் பாலைநிலத்து வயல்களுக்குத் திருப்பிய டெர்பி அணை ஆகும். ரீனோவுக்குக் கிழக்கே 1905இல் கட்டிமுடிக்கப்பட்ட அவ்வணை, ஆற்றின் நீரில் ஏறத்தாழப் பாதியைக் கால்வாய் வழியே கார்சன் ஆற்றுப் படுகைக்குக் கொண்டுசென்றது. மின்விசைக்காக மாநில எல்லையில் ஆற்றின் ஓட்டத்திற்குக் குறித்த அளவுகளும் இருந்தன. கோடையில் வினாடிக்கு 500 கன அடி, குளிர்காலத்தில் 400 கன அடி என்ற அவ்வளவுகளை 1915இன் நீதிமன்றத் தீர்ப்பு உறுதிசெய்தது. மீன் முட்டையிட ஏறும் காலத்தில் ஏரியின் முகத்துவாரத்தில் எத்தனை கன அடி இருக்கவேண்டும் என்ற வினா எழவில்லை.

விளைவு படிப்படியாக வந்தது. பிரமிட் ஏரியின் மட்டம் தாழத் தாழ, ஆறு கொண்டுவந்த மணல் முகத்துவாரத்தில் பரந்து படிந்து, பனி குறைந்த ஆண்டுகளில் மீன் நீந்திக் கடக்க முடியாத திட்டாயிற்று. 1925 டிசம்பரில் ஜான் ஸ்கிம்மர்ஹார்ன் என்ற பையூட் மீனவர் ஏரியில் பிடித்த கட்த்ரோட் 41 பவுண்டு எடை இருந்தது. உலகில் பிடிபட்ட கட்த்ரோட் மீன்களுள் அதுவே மிகப்பெரியது என்ற பதிவு இன்றும் நிற்கிறது. ஆனால் அவ்வளவு பெரிய மீன்கள் ஏரியில் இருந்தபோதே, அவற்றின் வழித்தோன்றல்கள் பிறக்கும் வழி அடைபட்டுக்கொண்டிருந்தது. 1930களின் வறட்சியில் பனியடுக்கு தொடர்ந்து மெலிந்து, தாஹோவின் நீர் இயற்கை விளிம்புக்கும் கீழே இறங்கி, ஆற்றின் தலைவாயே ஓட்டமற்றுப் போன காலங்கள் உண்டு. 1938இன் வசந்தத்தில் கடைசி முறையாக ஆற்றில் ஏறிய டிரவுட் மீன்களின் சராசரி எடை 20 பவுண்டு. இளமீன்கள் இல்லாத, முதிர்ந்த மீன்கள் மட்டுமே எஞ்சிய ஒரு குலத்தின் அடையாளம் அது. 1940களின் முற்பகுதியில் பிரமிட் ஏரியில் அம்மீன் இல்லாது போயிற்று. அருகிலிருந்த வினமக்கா ஏரி, ட்ரக்கியின் உபரிநீர் வராமையால் 1930களின் இறுதிக்குள் முற்றிலும் வறண்டது.

வறட்சி மீண்டும் மீண்டும் வந்து போவது அம்மலையின் இயல்பு. அவற்றையெல்லாம் கடந்து பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த மீன், 1905க்குப் பின் 40 ஆண்டுகளுக்குள் அழிந்தது ஏன் என்பது இவ்வரலாற்றின் மையக் கேள்வி. பனி குன்றிய ஆண்டில் வரும் நட்டத்தைப் பங்குடையோர் அனைவரும் பகிர்ந்துகொள்ளாமல், கணக்கில் இடம்பெறாத ஒரு தரப்பின் மீதே முழுவதும் சுமத்தியது ஆற்றின் நிருவாகம் என்பதே அதற்கு விடை. 1944இல் வெளிவந்த ஆர் டிட்ச் தீர்ப்பு இதற்குச் சான்று. ட்ரக்கியின் நீருரிமைகளை வரிசைப்படுத்திய அத்தீர்ப்பு, பையூட் மக்களுக்கு 1859 என்ற எல்லாவற்றிலும் மூத்த உரிமையைத் தந்தது. ஆனால் அவ்வுரிமையை நிலத்தை உழுது பாசனம் செய்வதற்கே அளந்து கொடுத்தது. மீனால் வாழ்ந்த மக்களுக்கு வயலுக்கு நீர் வழங்கிய அத்தீர்ப்பு வெளிவந்தபோது, அவர்தம் ஏரியில் டிரவுட் இல்லை.

கணக்கைத் திருத்தும் முயற்சி குயூயி மீனால் தொடங்கியது. அதன் நீண்ட ஆயுள், முட்டையிட இயலாத பல ஆண்டுகளைப் பொறுத்திருந்து கடக்க அதற்கு உதவியது. டிரவுட்டுக்கு அவ்வாயுள் வாய்க்கவில்லை. அருகிவரும் உயிரினமாகக் குயூயி 1967இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் பிரமிட் ஏரி, நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததைவிட ஏறத்தாழ 80 அடி தாழ்ந்து, தன் மிகக்கீழான மட்டத்தில் இருந்தது. பையூட் மக்கள் தொடுத்த வழக்கில், ஏரிக்கு உரிய நீரைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று 1972இல் வாஷிங்டனின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாசனத்தையும் நகரத்தையும் நினைத்து 1970இல் கட்டிமுடிக்கப்பட்ட ஸ்டாம்பீட் அணையின் நீரை மீனுக்கே பயன்படுத்தும் முடிவை 1980களில் நீதிமன்றங்கள் ஏற்றன. 1983இல் உச்சநீதிமன்றம், 1944இன் தீர்ப்பைத் திறந்து மீன்வளத்திற்கெனப் புதிய நீருரிமை கோர முடியாது என்று மறுத்தது பின்னடைவே. எனினும் 1990இல் நாடாளுமன்றம் இயற்றிய உடன்பாட்டுச் சட்டம், தகராறுகளைப் பேச்சால் தீர்க்கும் வழியைத் திறந்தது.

இக்காலத்தில்தான் பனியளவை முதன்முறையாக மீனுக்கும் பணி செய்யத் தொடங்கியது. மலையில் எவ்வளவு நீர் உறைந்திருக்கிறது என்பதைப் பார்த்து, அவ்வாண்டில் ஸ்டாம்பீட் அணையிலிருந்து எப்போது, எத்தனை கன அடி திறந்தால் மீன் ஏறவும் முட்டை பொரிக்கவும் ஏற்றதாகும் என்று வகுக்கப்பட்டது. இவ்வாறு 1980களில் குயூயிக்காக விடப்பட்ட நீர் எதிர்பாராத நன்மை ஒன்றையும் தந்தது. பெருக்கு மெல்ல வடிந்த ஈரக்கரைகளில் காட்டன்வுட் மரக்கன்றுகள் வேரூன்றித் தழைத்து, மொட்டையாகக் கிடந்த ஆற்றோரம் மீண்டும் சோலையானது. அம்மரங்களின் நிழல் கோடைநீரைக் குளிர்விக்கும் என்பதால், மீனுக்காக விட்ட நீர் மரத்தை வளர்க்க, மரம் மீனைக் காக்கும் நிலை உருவாயிற்று.

அழிந்ததாக எண்ணப்பட்ட பிரமிட் ஏரி டிரவுட்டின் மரபு, நெவாடா, யூட்டா எல்லையிலுள்ள பைலட் பீக் மலையின் ஒரு சிற்றோடையில் தப்பியிருந்தது 1970களில் தெரியவந்தது; முன்னொரு காலத்தில் யாரோ கொண்டுவந்து விட்ட மீன்களின் வழியினர் அவை. அருங்காட்சியகங்களில் காக்கப்பட்ட பழைய மீன்களின் மரபணுவோடு ஒப்பிட்டு அவ்வுறவு பின்னர் உறுதிசெய்யப்பட்டது. 1995இல் அவ்வோடையிலிருந்து எடுத்த முட்டைகள் அரசு மீன்பண்ணையில் வளர்க்கப்பட்டு, 2006 முதல் அம்மீன்கள் பிரமிட் ஏரிக்குத் திரும்பின. சில ஆண்டுகளிலேயே 20 பவுண்டைத் தாண்டி வளர்ந்தன. குளிர்கால விடியலில் ஏரியின் ஆழமற்ற விளிம்பில் ஏணியை ஊன்றி, அதன்மேல் நின்று தூண்டில் வீசும் மீன்பிடிப்போர் வரிசையாகக் காத்திருக்கும் காட்சி இன்று அக்கரைக்கே உரியது. அவர்கள் பெறும் உரிமச்சீட்டைப் பையூட் மக்களே வழங்குகின்றனர். 2014இன் வசந்தத்தில், 76 ஆண்டுகளுக்குப் பின், அம்மீன்கள் ட்ரக்கி ஆற்றில் ஏறித் தாமாகவே முட்டையிட்டன.

அதே 2014இன் அக்டோபரில் தாஹோ ஏரி மீண்டும் தன் விளிம்புக்குக் கீழே இறங்கியது. 2015 ஏப்ரல் முதல் நாளில் சியரா நெவாடாவின் பனியடுக்கில் இருந்த நீர் வழக்கமான அளவில் 5 விழுக்காடே. மரவளையங்களை ஆராய்ந்தோர் 500 ஆண்டுகளில் அவ்வளவு தாழ்வு நேர்ந்ததில்லை என்று கண்டனர். அக்குளிர்காலம் வெப்பமாக இருந்ததால், வந்த புயல்களும் பனிக்குப் பதில் மழையாகப் பெய்து உடனே ஓடிவிட்டன. இது சர்ச்சின் முறைக்கே ஒரு சோதனை. குளிர்காலத்து நீர் பனியாகத் தங்கும் என்ற அடிப்படையில் எழுந்த கணக்கு, அது தங்காத ஆண்டில் தடுமாறும். ஆயினும் 1930களுக்கும் 2015க்கும் ஒரு வேறுபாடு இருந்தது. பல்லாண்டுப் பேச்சின் முடிவில் 2008இல் கையெழுத்தான ட்ரக்கி ஆற்று நிருவாக ஒப்பந்தம் 2015 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நகரமும் பையூட் மக்களும் தத்தம் நீரை மலையணைகளில் சேர்த்துவைத்து, வேண்டும்போது எடுக்கலாம். மீனுக்குரிய நீர் தனிக்கணக்காகவே எழுதப்படுகிறது. 2020இல் டெர்பி அணையில் மீன் கால்வாய்க்குள் செல்லாமல் தடுக்கும் சல்லடை அமைக்கப்பட்டு, 115 ஆண்டுகளாக அடைபட்டிருந்த மேல்நிலத்துப் பாதை திறக்கப்பட்டது.

மலையில் விழும் பனியின் அளவு மனிதரின் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டதன்று. குறைந்த பனியின் சுமையை யார் தாங்குவது என்பதோ முற்றிலும் மனிதர் எழுதும் கணக்கு. அக்கணக்கில் இடமில்லாதிருந்தபோது 41 பவுண்டு மீனை ஈன்ற ஏரியிலிருந்து டிரவுட் மறைந்தது. இடம் எழுதப்பட்டபின், ஐந்து நூற்றாண்டுகளில் மிகக்குறைந்த பனியின் ஆண்டையும் அது கடந்தது. இனிவரும் வெப்பமான குளிர்காலங்களில் பங்கிடுவதற்கு உள்ள நீர் மேலும் சுருங்கும்போது முதலில் வெட்டப்படுவது மீனின் பங்காக இருத்தல் கூடாது. ஒருமுறை வெட்டியதை மீட்பதற்கு ட்ரக்கி ஆற்றுக்கு 76 ஆண்டுகள் ஆயின.